80களின் பாப், ராக் ஹிட்டுகள் எனக்கு அத்துப்படி என்பவருக்கு

கேள்வி இது: "80களில் வந்த ஆங்கில பாப், ராக் பாடல்கள் பெரும்பாலும் எனக்குத் தெரியும். இணையத்தில் வரும் வினாடி வினாக்களில் இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பது எடுத்துவிடுகிறேன். இதற்கு மேல் என்னைச் சோதித்துப் பார்க்க என்ன வழி?"

பத்தொன்பது நல்ல மதிப்பெண், முதலில் அதற்கு ஒரு சபாஷ். இப்போது அந்தக் கேள்விகளை இன்னொரு முறை பாருங்கள். பாடியவர் யார், எந்த வருடம், எந்த ஆல்பம். எல்லாமே கேசட் அட்டையின் முன்பக்கத்தில் இருப்பவை. அட்டையை மட்டும் மனப்பாடம் செய்தவர்கூடப் பாட்டைக் கேட்காமலே பதில் சொல்லிவிடுவார். நான் நண்பர்கள் வட்டத்தில் பல வருடங்களாக இந்த வினாடி வினாவை நடத்துகிறேன். என் கேள்விகள் பெரும்பாலும் அட்டையின் முன்பக்கத்தில் பெயர் வராதவர்களைப் பற்றியவை. அந்த டிரம்ஸை அப்படி ஒலிக்க வைத்தவர் யார்? அந்த கிட்டார் யாருடைய கை? பாட்டை எழுதியவர் யார்? 80களுக்கு இந்தக் கேள்விகள் ரொம்பவே பொருந்தும். 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்டிவி என்ற டிவி சேனல் தொடங்கியது. அதற்குப் பிறகு பாடுபவரின் முகமே பாட்டு என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் கண்ணில் படாமல் போனார்கள்.

எம்டிவி காட்டிய முதல் வீடியோ எது என்று கேட்டால் நீங்கள் யோசிக்காமல் சொல்வீர்கள்: பகிள்ஸ் பாடிய 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்'. என் கேள்வி அடுத்தது. அந்த வீடியோவில் பெரிய மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பாடுகிறாரே, அவர் பிறகு என்ன ஆனார்? அவர் ட்ரெவர் ஹார்ன். பாடுவதைக் குறைத்துக்கொண்டு தயாரிப்பாளராக ஸ்டுடியோவின் ஒலிக் கட்டுப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்தார். 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' அவர் தயாரித்தது. அதே மாதம் பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்த 'ரிலாக்ஸ்' பாட்டும் அவர் தயாரித்தது. முதல் பாட்டு யெஸ் என்ற பழைய ராக் குழுவுடையது, இரண்டாவது ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் என்ற புதுக் குழுவுடையது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, இவற்றுக்குள் என்ன உறவு என்று கேட்டுப் பாருங்கள். காது நல்ல காதாக இருந்தால், சத்தங்களை வெட்டி ஒட்டியிருக்கும் விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும்.

இப்போதே ஒரு சோதனை செய்யலாம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டைப் போடுங்கள். 1981இல் வந்தது. மூன்றரை நிமிடம் வரை ஒரு டிரம் மெஷின் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும், மேலே சிந்தசைசர், அதற்கும் மேலே அவர் குரல். ஏறக்குறைய 3:40இல் நிஜ டிரம்ஸ் உள்ளே விழும். அந்த இடத்துக்காகக் காத்திருக்காதவர் கிடையாது, காற்றில் கைவீசி டிரம்ஸ் வாசிக்காதவரும் கிடையாது. கேள்வி என்னவென்றால், அந்த டிரம்ஸில் விநோதமாக என்ன இருக்கிறது? கோயில் மண்டபத்தில் கைதட்டினால் சத்தம் பெரிதாகி, தூணுக்குத் தூண் போய், மெல்ல அடங்கும். இங்கே சத்தம் மண்டபம் அளவுக்குப் பெரிதாக எழுகிறது, ஆனால் அடங்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை. கத்தரியால் வெட்டியது போல் சட்டென்று நின்றுவிடுகிறது. நிஜ உலகத்தில் எந்த அறையிலும் இப்படி ஒரு சத்தம் கேட்காது.

இதற்குப் பெயர் கேட்டட் ரிவெர்ப். பிறந்த இடம் லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ, வருடம் 1979. பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்கான பதிவு நடந்துகொண்டிருந்தது. இந்த ஆல்பத்தில் சிம்பலே, அதாவது டிரம்ஸோடு வரும் அந்த உலோகத் தட்டே, கூடாது என்பது கேப்ரியல் போட்ட நிபந்தனை. டிரம்ஸில் காலின்ஸ், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், சவுண்ட் இன்ஜினியர் ஹ்யூ பேட்ஹாம். ஸ்டுடியோவில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் கலைஞர்கள் பேசுவது இந்தப் பக்கம் கேட்பதற்காக அறையில் ஒரு மைக் இருக்கும். தூரத்தில் நின்று முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும் என்பதால் அதன் ஒலியை மிகக் கடுமையாக அமுக்கி, எல்லாச் சத்தத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். அது பதிவுக்கான மைக் கிடையாது, வெறும் பேச்சுக்கு. அது திறந்திருந்த நேரத்தில் காலின்ஸ் டிரம்ஸை அடித்தார். இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் ராட்சதச் சத்தம் வந்தது. பேட்ஹாம் அதைப் பிடித்துக்கொண்டார். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவு மூடுவது போல் நிறுத்திவிடும் கருவி ஒன்று உண்டு, அதையும் சேர்த்தார். 'இன்ட்ரூடர்' என்ற பாட்டில் முதலில் அதைக் கேட்கலாம். பிறகு காலின்ஸ் தன் சொந்த ஆல்பத்துக்குப் பேட்ஹாமையே கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் என்ன, பத்து வருடத்துக்கு டிரம்ஸ் என்றால் இப்படித்தான் என்று ஆகிவிட்டது. ரேடியோவில் ஏதோ ஒரு பாட்டு ஓடுகிறது, கேட்ட மாத்திரத்தில் "இது எய்ட்டீஸ்" என்று சொல்கிறோம் இல்லையா? அப்படிச் சொல்ல வைப்பதில் பாதி இந்தச் சத்தம்தான்.

'இன் தி ஏர் டுநைட்' பாட்டைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. யாரோ ஒருவர் நீரில் மூழ்கிக்கொண்டிருந்தார், காப்பாற்றக்கூடிய இடத்தில் இருந்த இன்னொருவர் பேசாமல் நின்றார், அதைக் காலின்ஸ் பார்த்தார் என்று. அது கட்டுக்கதை, காலின்ஸே பலமுறை மறுத்திருக்கிறார். முதல் திருமணம் முறிந்த காலத்தில் எழுதிய பாட்டு அது. வினாடி வினா நடத்துபவர்களே இந்தக் கதையை உண்மை என்று நம்பிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சேர்த்ததைக் கண்டுபிடித்த பிறகு, இல்லாததைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்போம். பிரின்ஸின் 'வென் டவ்ஸ் கிரை', 1984. அந்தக் கோடையில் அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆட வைக்கும் பாட்டு, ஆனால் அந்த வகைப் பாட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று அதில் கிடையாது. எது? ஒருமுறை ஆற அமரக் கேட்டுவிட்டு வாருங்கள். பேஸ் கிட்டார் இல்லை. வாசித்துப் பதிவு செய்திருந்த பேஸை பிரின்ஸ் கடைசியில் எடுத்துவிட்டார். அதனால் அடியில் இருப்பது லின் எல்எம்-1 டிரம் மெஷின் மட்டும். ராஜர் லின் 1980இல் கொண்டுவந்த மெஷின் அது. நிஜ டிரம்ஸ் ஒலிகளையே டிஜிட்டலாகப் பதிந்து வைத்திருந்த முதல் டிரம் மெஷின். இருபது முறை கேட்டவர்கள்கூட இந்தக் கேள்விக்குத் திணறுவார்கள், பதிலைச் சொன்னதும் பாட்டை மறுபடி போடச் சொல்வார்கள். அந்த மறுபடி கேட்பதற்காகவே நான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். கூடவே ஒரு துணைக் கேள்வி: இந்தப் பாட்டுக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் மாட்டிக்கொண்ட பாட்டு எது? புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'டான்சிங் இன் தி டார்க்'. அவ்வளவு பெரிய பாடகர், அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் தன் பெயரில் ஒரு பாட்டைக்கூட முதலிடத்துக்குக் கொண்டுவந்தது இல்லை.

மைக்கேல் ஜாக்சனைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அவரைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதனால் அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றிக் கேளுங்கள். 'பீட் இட்' பாட்டின் நடுவில் வரும் கிட்டார் எட்டி வான் ஹேலன் வாசித்தது, காசு வாங்காமல். இதுவரை பலருக்குத் தெரியும். அந்த ஒரு கிட்டார் பகுதியைத் தவிர, பாட்டு முழுக்க வரும் மற்ற கிட்டார்? டோட்டோ குழுவின் ஸ்டீவ் லுகாதர். டிரம்ஸ் அதே குழுவின் ஜெஃப் போர்காரோ. அதே ஆல்பத்தில் இருக்கும் 'ஹியூமன் நேச்சர்' பாட்டின் மெட்டு ஜெஃபின் தம்பி ஸ்டீவ் போர்காரோவுடையது. 'ஆஃப்ரிக்கா' பாட்டைத் தந்த குழுவைத்தான் சொல்கிறேன். 1984 தொடக்கத்தில் எட்டியின் வான் ஹேலன் குழு தன் ஆல்பத்தை வெளியிட்டது. அதன் பெயரே '1984'. அதிலிருந்த 'ஜம்ப்' முதலிடத்துக்கு வந்தது, ஆல்பம் மட்டும் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. தடுத்து நின்ற ஆல்பம் 'த்ரில்லர்', அதாவது எட்டி இலவசமாக வாசித்துக் கொடுத்திருந்த அதே ஆல்பம்.

'த்ரில்லர்' என்ற தலைப்புப் பாட்டை எழுதியவர் யார் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஜாக்சன் என்பார்கள். எழுதியவர் ராட் டெம்பர்டன். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் கிளீதார்ப்ஸ் என்ற ஊரில் பிறந்தவர், இளமையில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவர். பாட்டுக்கு அவர் முதலில் வைத்திருந்த பெயர் 'ஸ்டார்லைட்'. ஜார்ஜ் பென்சனின் 'கிவ் மீ தி நைட்', ஜாக்சனின் 'ராக் வித் யூ' எல்லாம் அவருடையவைதான். 2016இல் காலமானார். கூட்டத்தில் எதிரே வந்திருந்தாலும் யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. அவர் பாட்டு ஒலிக்காத ஊரும் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஷீக் குழுவைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள், பெருங்கூட்டம் ஆர்ப்பரித்தது. டிஸ்கோ செத்தது, இனி ராக்தான் என்று பேச்சு. டிஸ்கோவின் மிகச் சிறந்த குழுக்களில் ஒன்றான ஷீக்குக்குச் சீக்கிரமே ஹிட்டுகள் நின்றுபோயின. அதில் மூன்று பேர் முக்கியம்: கிட்டார் நைல் ராட்ஜர்ஸ், பேஸ் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டிரம்ஸ் டோனி தாம்சன்.

இனி இந்தப் பாட்டுகளை வரிசையாகப் போடுங்கள். டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்', 1983. மடோனாவின் 'லைக் எ வர்ஜின்', 1984. டுரான் டுரானின் 'தி ரிஃப்ளெக்ஸ்', 1984. ராபர்ட் பாமரின் 'அடிக்டட் டு லவ்', 1986இல் முதலிடம். இவற்றுக்குப் பொதுவானது என்ன? முதல் இரண்டும் ராட்ஜர்ஸ் தயாரித்தவை, மூன்றாவதை ஹிட் ஆக்கிய ரீமிக்ஸ் அவர் செய்தது. மடோனாவின் அந்த ஆல்பத்தில் வாசித்தவர்களில் எட்வர்ட்ஸும் தாம்சனும் உண்டு. பாமர் பாட்டைத் தயாரித்தவர் எட்வர்ட்ஸ், அதில் அந்த இடி போன்ற டிரம்ஸ் தாம்சனுடையது. நான்குமே அமெரிக்காவில் முதலிடம். வெடி வைத்து விரட்டப்பட்ட இசைக்காரர்கள்தான் அடுத்த பத்தாண்டின் பெரிய ஹிட்டுகளைச் செய்து கொடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு 'லெட்ஸ் டான்ஸ்' கேட்டால், அந்தத் துள்ளும் கிட்டாரில் பழைய ஷீக் அப்படியே கேட்கும். கடைசியில் அழுவது போல் இன்னொரு கிட்டார் வருகிறதே, அது டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டீவி ரே வானுடையது. பாட்டு வந்தபோது அவர் பெயரில் ஒரு ஆல்பம்கூட வெளியாகியிருக்கவில்லை.

எழுதியவர்களைப் பற்றிய கேள்விகளில் இரட்டைப் பாட்டுகள் சுவையானவை. 1983 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம் போனி டைலரின் 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்', இரண்டாம் இடம் ஏர் சப்ளையின் 'மேக்கிங் லவ் அவுட் ஆஃப் நத்திங் அட் ஆல்'. இரண்டையும் எழுதியவர் ஜிம் ஸ்டைன்மன். 1986 ஏப்ரலில் முதலிடம் பிரின்ஸின் 'கிஸ்', இரண்டாம் இடம் பேங்கிள்ஸின் 'மேனிக் மன்டே'. அதை எழுதியவர் பெயர் கிறிஸ்டோஃபர் என்று அச்சாகியிருக்கும். அந்தக் கிறிஸ்டோஃபர் பிரின்ஸேதான். 1987 நவம்பரில் பதினாறு வயது டிஃப்பனி 'ஐ திங்க் வீ ஆர் அலோன் நவ்' பாட்டோடு முதலிடத்தில் இருந்தாள். அவளை இறக்கிவிட்டு ஏறியது பில்லி ஐடலின் 'மோனி மோனி'. அறுபதுகளில் இரண்டையும் முதலில் பாடியது ஒரே குழு, டாமி ஜேம்ஸ் அண்ட் தி ஷான்டெல்ஸ். 1986 ஜூலையில் ஜெனிசிஸ் குழுவின் 'இன்விசிபிள் டச்' பாட்டைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது 'ஸ்லெட்ஜ்ஹாமர்', பாடியவர் அதே குழுவிலிருந்து முன்பு விலகிப் போன பீட்டர் கேப்ரியல்.

மூலம் யாருடையது என்ற கேள்வியை நீட்டிக்கொண்டே போகலாம். ஜோன் ஜெட் பாடி 1982இல் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்த 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' முதலில் 1975இல் ஆரோஸ் குழு பாடியது. சாஃப்ட் செல்லின் 'டெய்ன்டட் லவ்' அறுபதுகளிலேயே குளோரியா ஜோன்ஸ் பாடியது. 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹாவ் ஃபன்' எழுதியவர் ராபர்ட் ஹேசர்ட் என்ற ஆண், அவர் ஆணின் பார்வையில் எழுதியதை சிண்டி லாப்பர் பெண்ணின் பாட்டாக மாற்றிக்கொண்டார். இந்த மூன்றில் லாப்பருடையதைக் கட்டாயம் கேளுங்கள், பேச நிறைய இருக்கிறது.

கேள்வி தயாரிப்பவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'முதலிடம்' என்று எழுதிவிட்டு எந்த நாட்டில் என்று எழுத மாட்டார்கள். அமெரிக்கப் பட்டியல் வேறு, பிரிட்டன் பட்டியல் வேறு. 'தி பவர் ஆஃப் லவ்' பாடியது யார் என்று ஒருவர் கேட்டால் "எந்த பவர் ஆஃப் லவ்?" என்று திருப்பிக் கேட்பவர்தான் விஷயம் தெரிந்தவர். ஒன்று ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் பாடியது, 1984 டிசம்பரில் பிரிட்டனில் முதலிடம். இன்னொன்று ஹ்யூவி லூயிஸ் அண்ட் தி நியூஸ் பாடியது, 1985இல் அமெரிக்காவில் முதலிடம். மூன்றாவது ஜெனிஃபர் ரஷ் பாடியது, 1985 அக்டோபரில் பிரிட்டனில் முதலிடம். மூன்றும் தனித்தனிப் பாட்டுகள், தலைப்பு மட்டும்தான் ஒன்று.

நேனா என்ற ஜெர்மன் குழுவின் பலூன் பாட்டும் இதே ரகம். ஜெர்மனில் பாடிய '99 லுஃப்ட்பலோன்ஸ்' அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. ஆங்கிலத்தில் பாடிய '99 ரெட் பலூன்ஸ்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்கள் ஜெர்மன் பாட்டைத்தான் விரும்பிக் கேட்டார்கள். ஜெர்மன் தலைப்பில் பலூனுக்கு நிறமே கிடையாது, சிவப்பு என்பது ஆங்கிலத்தில் ஏறியது. மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்துத்தான் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கார்லோ கார்கஸுக்கு இந்தக் கற்பனை வந்தது. காற்றில் போகும் பலூன்களை எதிரி விமானம் என்று ராணுவம் நினைத்துவிட்டால்? சுவர் இன்னும் நின்றிருந்த பெர்லினில் அது விளையாட்டான கேள்வி இல்லை.

வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' 1984இல் பிரிட்டனில் முதலிடமா? இல்லை, இரண்டாம் இடம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பலர் சேர்ந்து பாடிய 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்' முதலிடத்தில் இருந்தது. அந்தக் கூட்டத்தில் வாமின் ஜார்ஜ் மைக்கேலும் நின்று பாடியிருக்கிறார், அதனால் தன் பாட்டைத் தடுத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' முதலிடத்துக்கு வந்தது 2021 ஜனவரி 1 அன்று. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், 1988 செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் அமெரிக்கப் பட்டியலைக் கொடுத்து, முதலிடத்துக்கு வந்த ஐந்து பாட்டுகளையும் வரிசைப்படுத்தச் சொல்வேன். வரிசை இது: கன்ஸ் அண்ட் ரோசஸின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்', பாபி மெக்ஃபெரின் பாடிய 'டோன்ட் வொர்ரி, பீ ஹேப்பி', டெஃப் லெப்பர்டின் 'லவ் பைட்ஸ்', யூபி40இன் 'ரெட் ரெட் ஒயின்', ஃபில் காலின்ஸின் 'எ க்ரூவி கைண்ட் ஆஃப் லவ்'.

முதலாவதில் தொடக்கத்திலேயே வரும் கிட்டார் வரி, கை பழக ஸ்லாஷ் வாசித்துக்கொண்டிருந்த பயிற்சியிலிருந்து வந்தது. கிட்டாரால் முதலிடம் பிடித்த அந்தப் பாட்டை அடுத்து இறக்கியது கருவியே இல்லாத பாட்டு. மெக்ஃபெரின் பாட்டில் கேட்கும் அத்தனையும் அவருடைய வாயும் உடம்பும் எழுப்பிய ஒலிகள்தான், பேஸ் உட்பட. துணைக் கருவி எதுவும் இல்லாமல் ஹாட் 100இல் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அது. இதைப் பாடியவர் பாப் மார்லி என்று இன்றுவரை இணையத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மார்லி 1981 மே மாதமே இறந்துவிட்டார். தலைப்பு வாசகத்தை மெக்ஃபெரின் பார்த்தது சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்கள் வீட்டுச் சுவரொட்டியில். அதில் இருந்தவர் புனேயில் பிறந்த மெஹர் பாபா. 1925இலிருந்து 1969இல் மறையும் வரை வாய் திறந்து பேசாமல் மௌனம் காத்தவர் அவர். அவருடைய வாசகத்தை ஒருவர் வாயை மட்டுமே கருவியாக வைத்துப் பாடியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் வாசித்த ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்தவர். குழு அவரை மாற்றவில்லை. இடது கை அடிக்க வேண்டியதைக் காலால் அடிக்கும்படி மின்னணு டிரம்ஸ் அமைத்துக்கொண்டு, புதிதாகப் பழகித் திரும்பி வந்தார். நான்காவது, அறுபதுகளில் நீல் டயமண்ட் எழுதிப் பாடியது. யூபி40 அதை ஜமைக்காவின் ரெகே இசைப் பாணியில் 1983இலேயே வெளியிட்டு பிரிட்டனில் முதலிடம் பார்த்துவிட்டது, அமெரிக்காவில் அதற்கு ஐந்து வருடம் ஆயிற்று. குழுவின் பெயரே பிரிட்டனில் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கான படிவத்தின் எண். ஐந்தாவதும் அறுபதுகளின் பாட்டுதான், மைண்ட்பெண்டர்ஸ் பாடியது. பியானோ படித்தவர் யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மெட்டு கிளெமென்டியின் சொனாட்டினா ஒன்றிலிருந்து வந்தது, பியானோ வகுப்பில் எல்லோரும் வாசித்துப் பழகும் துண்டு அது.

பொருளைப் பற்றியும் கேட்டாக வேண்டும். ஆங்கிலப் பாட்டு கேட்கும் நம்மில் பலர், பல்லவியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற வரிகளை விட்டுவிடுகிறோம். போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்', 1983இல் எட்டு வாரம் முதலிடம். கல்யாண வரவேற்புகளில் இதைப் போட்டு ஆடுகிறார்கள். வரிகளைப் படித்துப் பாருங்கள், பிரிந்துபோன ஒருத்தியை விடாமல் கண்காணிக்கும் ஒருவன் பேசுகிறான். பொறாமையையும் கண்காணிப்பையும் பற்றியது என்று எழுதிய ஸ்டிங்கே விளக்கியிருக்கிறார். ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' பல்லவியைக் கேட்டுத் தேசபக்திப் பாட்டு என்று நினைப்பவர்கள் அமெரிக்காவிலேயே ஏராளம். சரணங்களில் இருப்பது வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டு, திரும்பி வந்து வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் கதை. பல்லவியை மறைத்துவிட்டு சரணங்களை மட்டும் தமிழில் சொல்லி, எந்தப் பாட்டு என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் இந்தச் சுற்றுக்குத்தான் ஆரவாரம் அதிகம்.

வீடியோ சுற்றும் வைக்கலாம், அதற்கும் இதே முறைதான். ஜாக்சனின் 'பில்லி ஜீன்', ஆ-ஹாவின் 'டேக் ஆன் மீ', டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'மணி ஃபார் நத்திங்' மூன்றையும் ஒலியில்லாமல் காட்டுங்கள். மிதித்தால் ஒளிரும் நடைபாதை, பென்சில் ஓவியமாக மாறும் மனிதர்கள், கணினியில் செய்த கட்டம் கட்டமான தொழிலாளிகள். மூன்றையும் இயக்கியவர் ஸ்டீவ் பேரன் என்ற ஒரே ஆள். 'டேக் ஆன் மீ' பாட்டு 1984இல் வேறு வடிவத்தில் வந்து எடுபடாமல் போனது, ஆலன் டார்னி தயாரிப்பில் மறுபடி பதிவு செய்து இந்த வீடியோவோடு வந்த பிறகுதான் 1985இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டு எது முந்தியது என்று சொல்லச் சொல்வதும் நல்ல கேள்வி.

நடத்தும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். பாட்டைத் தொடக்கத்திலிருந்து போடாதீர்கள். தொடக்கம் எல்லோருக்கும் பாடம். இரண்டாவது சரணம் முடியும் இடத்திலிருந்து பத்து விநாடி போடுங்கள், பாடுபவர் வாய் திறப்பதற்கு முன் நிறுத்துங்கள். பாதி மதிப்பெண் பாட்டைச் சொன்னதற்கு, மீதிப் பாதி அந்தப் பத்து விநாடியில் காதில் விழுந்தது என்ன என்று சொன்னதற்கு. சும்மா பெயர் தெரிந்தவருக்கும் உட்கார்ந்து கேட்டவருக்கும் வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும். ஃபோனில் தேடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பதில் சொன்ன பிறகு பாட்டை முழுதாக ஒருமுறை போடவும் மறக்காதீர்கள். நேரம் இழுக்கும்தான், இருக்கட்டும்.

கடைசியாக உங்களுக்கே ஒன்று. பான் ஜோவியின் 'லிவின் ஆன் எ பிரேயர்', 1986. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், நாலு நாலாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பாட்டு முழுக்க ஒழுங்காக வரும். கடைசிப் பல்லவி தொடங்கும் இடத்தில் பாட்டு மேல் சுருதிக்குத் தாவும், பாடுபவர் உச்சிக்குப் போய்விடுவார். அதற்கு ஒரு நொடி முன்னால் உங்கள் கை தடுமாறும். நான்காவது தட்டுக்குக் கையை இறக்கும்போது அங்கே பல்லவி ஆரம்பமாகியிருக்கும். சுருதி மாறுவதற்கு முந்தைய அந்த ஒரு சுற்றில் மட்டும் மூன்றே தட்டுதான், ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். முதல் தடவையிலேயே பிடித்தீர்களா, இரண்டாவது தடவையிலா என்று எழுதுங்கள்.